ஸ்டேசனிலிருந்து பில் வரைக்கும்: ‘பிக் அப்’ என்ற சொல்லின் போக்கு

திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “பள்ளிக்கூடத்தில் ‘பிக் அப்’ என்றால் கீழே கிடப்பதை எடுப்பது என்று படித்தேன். இங்கே வந்த பிறகு ஒரு விருந்தினர் ஸ்டேசனில் தங்களை பிக் அப் பண்ணச் சொல்கிறார். இன்னொருவர் வருகிற வழியில் பழம் பிக் அப் பண்ணிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். போட்டுக்காரர் காற்று பிக் அப் ஆகுது என்று புறாத்தீவுப் பயணத்தை நிறுத்துகிறார். மனேஜரோ பிசினஸ் பிக் அப் ஆகுது என்று சந்தோசப்படுகிறார். இத்தனைக்கும் ஒரே சொல்லா? இதை எப்படிப் பாடமாக்குவது?”

பாடமாக்க வேண்டாம், தம்பி. அகராதியில் இதற்கு நீளமான பட்டியல் இருக்கும். அதை மனப்பாடம் செய்துவிட்டு விருந்தினர் முன்னால் நின்றால் எட்டாவது பொருளா பன்னிரண்டாவது பொருளா என்று யோசிப்பதிலேயே அவர் போய்விடுவார். தமிழிலேயே இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறார், அவரைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘எடு’ என்ற சொல்லைப் பாருங்கள். போன் எடுக்கிறோம், படம் எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம். பசி எடுக்கிறது. கந்தளாய் தாண்டியதும் பஸ் வேகம் எடுக்கிறது. பசி எதை எடுத்தது, எங்கிருந்து எடுத்தது என்று யாரும் குழம்புவதில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, பக்கத்தில் நிற்கும் சொல்லை வைத்தே பொருளைப் பிடித்துக்கொள்கிறோம். ஆங்கிலேயருக்கு ‘பிக் அப்’பும் அப்படித்தான்.

நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வழி இது. யாரோ ஒருவர் எதையோ பிக் அப் பண்ணுகிறார் என்றால், அந்தப் பொருளோ ஆளோ அவர் கைக்கு, வண்டிக்கு, காதுக்கு, வாய்க்கு வந்து சேர்கிறது. ஒருவரும் எதையும் எடுக்கவில்லை, ஏதோ ஒன்று தானே பிக் அப் ஆகிறது என்றால் அது கூடுகிறது, இல்லாவிட்டால் தேறுகிறது. உங்கள் நாலு உதாரணத்தில் விருந்தினரும் பழமும் முதல் பக்கம், காற்றும் பிசினஸும் இரண்டாவது பக்கம். இந்தக் கோட்டுக்குள் அடங்காதவை சில உண்டு, வரும்போது சொல்கிறேன்.

உங்கள் வேலையில் அதிகம் வரப்போவது ஆளை ஏற்றுவதுதான். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து விடியப்புறம் இறங்கப்போகிறவர்கள் ‘கேன் யூ பிக் அஸ் அப்?’ என்று வட்ஸ்அப்பில் கேட்பார்கள். வந்து ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் போடும்போது நம்மில் பலர் ‘அப்’பை விழுங்கிவிடுகிறோம். ‘ஐ வில் பிக் யூ’ என்று அனுப்புகிறோம். இலங்கையிலும் இந்தியாவிலும் அது எல்லோருக்கும் விளங்கும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லண்டனிலிருந்து வந்தவருக்கு மட்டும் அது ‘நான் உங்களைத் தெரிவுசெய்கிறேன்’ என்று கேட்கும். தனி ‘பிக்’ என்றால் பலதில் ஒன்றைத் தெரிவுசெய்வது, அல்லது பூவையோ காயையோ பறிப்பது. போனிலும் இதே கதைதான். ‘ஹீ இஸ் நொட் பிக்கிங் த கோல்’ என்கிறோம். அவர்கள் ‘ஹீ இஸ் நொட் பிக்கிங் அப்’ என்று நிறுத்திக்கொள்வார்கள். எதை எடுக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை, போன் என்பது தெரிந்ததுதானே. முதலில் போட்ட கோட்டுக்குள் அடங்காத முதலாவது ஆள் இது.

அடுத்தது, சொல்லை எங்கே வைப்பது. ‘பிக் அஸ் அப்’ என்றுதான் கேட்டார்கள், ‘பிக் அப் அஸ்’ என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? அவர், அவள், அது, நாங்கள், நீங்கள் என்று பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். பிக் இட் அப், பிக் ஹேர் அப், பிக் தெம் அப். பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம்: ‘பிக் த பேக் அப்’, ‘பிக் அப் த பேக்’ இரண்டும் சரி. ஆனால் ‘நேற்று ஜெர்மனியிலிருந்து வந்து மூன்றாம் மாடியில் தங்கியிருக்கும் குடும்பம்’ என்று நீளமாகப் போனால் அத்தனையையும் நடுவில் திணிக்காதீர்கள். கடைசியில் வரும் ‘அப்’ தொலைந்துபோகும், கேட்பவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

சீனக்குடா விமான நிலையமோ பஸ் ஸ்டாண்டோ, ஏற்றுகிற இடத்துக்குப் பெயர் ‘பிக்-அப் பொயின்ட்’. இங்கே அது வினை இல்லை, பெயர். பெயராக வரும்போது நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவார்கள், அமெரிக்கர்கள் ஒட்டியே எழுதிவிடுவார்கள். வினையாக வரும்போது எப்போதும் தனித்தனியே இரண்டு சொல். உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. பெயர் என்றால் அழுத்தம் ‘பிக்’கில். வினை என்றால், முக்கியமாக ‘பிக் இட் அப்’ மாதிரி வரும்போது, அழுத்தம் ‘அப்’பில் விழும். இறக்கிவிடுவதற்கு ‘ட்ரொப் ஓஃப்’. நாம் ‘ட்ரொப் பண்ணுறன்’ என்று சொல்லி அதிலும் வாலை வெட்டிவிடுகிறோம்.

கடலில் தத்தளிப்பவர்களை ஒரு படகோ கப்பலோ ஏற்றிக்கொள்வதற்கும் இதே சொல்தான். எங்கள் ஊர்ச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் படித்தால் இது கண்ணில் படும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. விமானங்கள் வந்துசேர முன்னமே இங்கிருந்த பிரித்தானிய ரேடார் அவற்றைக் கண்டுகொண்டது. அதை எழுதும்போது ரேடார் விமானங்களை ‘பிக்ட் அப்’ என்பார்கள். முதல் நாள் இரவு இந்தத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் குண்டு பட்டு மூழ்கியது. தண்ணீரில் கிடந்த நூற்றுக்கணக்கானவர்களை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது. அங்கேயும் ‘பிக்ட் அப்’தான். ஒன்றில் கருவி தூரத்தில் வருவதைக் கண்டுகொண்டது, மற்றதில் கப்பல் ஆட்களைத் தூக்கி ஏற்றியது. ஒரே நாள் சம்பவத்தில் ஒரே வினை இரண்டு வேலை செய்கிறது. பக்கத்தில் இருப்பது ரேடாரா, கப்பலா என்று பார்த்தாலே போதும்.

ரேடார் மாதிரித்தான் ரேடியோவும். ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெலவின் சிற்றலை மறுஒலிபரப்பு நிலையம் ஒன்று 1984 முதல் 2013 வரை திருகோணமலையில் இருந்தது. இங்கிருந்து கிளம்பிய அலையை வேறு நாடுகளில் இருந்தவர்களின் ரேடியோ ‘பிக் அப்’ பண்ணியது. இந்தக் காலத்தில் விருந்தினர் அறைக்குள் நின்றுகொண்டு வைஃபை பிக் அப் ஆகவில்லை என்று சொன்னால், அவருடைய போன் சிக்னலைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்ட் பிழை என்று நினைத்து அதையே மறுபடி எழுதிக் கொடுக்காதீர்கள், ரூட்டர் பக்கம் போய்ப் பாருங்கள்.

பழம் கதைக்கு வருவோம். ‘ஐ வில் பிக் அப் சம் ஃப்ரூட் ஒன் த வே’ என்றால் வருகிற வழியில் பழம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்பதுதான். காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வருவதில்லை! வேறு எங்கோ போகிற வழியில், பெரிய ஏற்பாடு இல்லாமல் வாங்குவது என்ற தொனி அதில் இருக்கிறது. அதனால் நகைக்கடையில் கல்யாணத் தாலிக்கொடி வாங்குவதற்கு அது பொருந்தாது. பாண், பால், சிம் காட், ஒரு பிளாஸ்டிக் செருப்பு, இந்த வகைக்குத்தான் பொருந்தும். லோண்டரியில் கொடுத்த உடுப்பையோ கூரியரில் வந்த பார்சலையோ போய் எடுத்துவருவதும் பிக் அப்தான். இங்கே பிரித்தானியர் ‘கலெக்ட்’ என்றும் சொல்வார்கள். நாம் கலெக்ட் என்றதும் சீட்டுக்காசையும் நன்கொடையையும் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பொருள் வழக்கொழிந்து போகவும் இல்லை. புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாகியது. அங்கே போகிறவர்கள் கரையில் கிடக்கிற வெள்ளைப் பவளத் துண்டுகளை ஞாபகத்துக்கென்று பையில் போடப் பார்ப்பார்கள். அது சட்டப்படி குற்றம். ‘ப்ளீஸ் டோன்ட் பிக் அப் த கோரல்’ என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பலாம். குனிந்து எடுப்பது என்ற நேரடிப் பொருள் இதுதான்.

எனக்குப் பிடித்த பகுதி, தேடிப் போகாமல் வந்து ஒட்டிக்கொள்வது. நிலாவெளிக் கரையில் போட் ஓட்டுகிற பொடியன்கள் சிலர் வகுப்புக்கே போகாமல் ஆங்கிலம் பேசுவார்கள், நாலு ஜெர்மன் வார்த்தையும் விடுவார்கள். டவுன் மார்க்கெட்டில் தமிழர் சிங்களத்தையும் சிங்களவர் தமிழையும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த மாதிரிப் படிப்புக்குத்தான் ‘பிக் அப்’. ‘ஐ பிக்ட் அப் சிங்கள அட் த மார்க்கெட்.’ ரியூசனுக்குப் போய், நோட்ஸ் எழுதி, சோதனை எடுத்துப் படித்ததென்றால் ‘லேர்ன்’ என்றே சொல்லுங்கள். நேர்முகப் பரீட்சையில் உங்கள் ஆங்கிலம் பற்றிக் கேட்டால் இந்த வித்தியாசம் பயன்படும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன், மிச்சத்தை விருந்தினரோடு பேசிப் பேசிப் பிக் அப் பண்ணினேன் என்றால் கேட்பவருக்கு ஒரு படம் கிடைக்கும்.

தடிமன், வயிற்றோட்டம், கெட்ட பழக்கம், அடுத்த ஊர்ப் பேச்சு ராகம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ‘ஐ மஸ்ட் ஹாவ் பிக்ட் அப் சம்திங்’ என்று ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து நின்றால் எதையோ வாங்கிவந்திருக்கிறார் என்று நினைத்து பையைப் பார்க்காதீர்கள். எங்கேயோ ஏதோ தொற்றிவிட்டது என்கிறார். டொக்டர் எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்பும் வாங்கிக் கொடுங்கள். தமிழில் இதற்கு ஒட்டிக்கொண்டது, தொற்றிக்கொண்டது, பிடித்துக்கொண்டது என்று சொல்கிறோமே, அந்தக் ‘கொண்டது’க்குள் இருக்கும் சாயல்தான் இங்கே ‘அப்’புக்குள் இருக்கிறது.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு சொல் நிற்கிறது: ‘பிக் அப் ஒன்’. வாயால் சொல்லாததைக் கவனித்துப் புரிந்துகொள்வது. விருந்தினர் சாப்பாடு நல்லது என்று சொல்கிறார், தட்டில் பாதி அப்படியே கிடக்கிறது. உறைப்புக் கூடிவிட்டது என்று நீங்களாக உணர்ந்தால் அதுதான். இதில் பிரதிப்பெயர் நடுவில் போகாது, கடைசியில்தான்: ‘பிக் அப் ஒன் இட்’.

இனி இரண்டாவது பக்கம், தானே கூடுவது. எங்கள் ஊருக்கு இது பருவத்தோடு வரும் சொல். மாரி மழை ஓய்ந்து, கடல் அடங்கி, மே மாதமளவில் வெள்ளைக்காரர் வரத் தொடங்கும்போது ‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்று எல்லா ஹோட்டல் மேசையிலும் கேட்கலாம். படுத்துக் கிடந்த வியாபாரம் எழும்புகிறது. ஓப்ரேசன் முடிந்தவர் தேறிவருவதையும் அப்படியே சொல்லலாம். ஏற்கெனவே உச்சத்தில் ஓடுகிற கடைக்கு இது பொருந்தாது. ஒருகாலத்தில் கீழே போயிருக்க வேண்டும், அதிலிருந்து எழும்ப வேண்டும்.

இங்கேதான் உங்கள் குழப்பத்தின் முடிச்சு. காற்று பிக் அப் ஆகுது என்றால் அது நல்ல செய்தியா? இல்லை! ‘த வின்ட் இஸ் பிக்கிங் அப்’ என்றால் காற்றின் வேகம் கூடுகிறது. எங்கள் மீனவர்கள் ‘காத்து எழும்புது’ என்பார்களே, அதேதான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கும், பகல் ஏறினால் காற்று எழும்பும். (கச்சான் என்றதும் நிலக்கடலை ஞாபகம் வந்தால் நீங்கள் நம்ம ஊர்தான்.) ஆனால் ‘த வெதர் இஸ் பிக்கிங் அப்’ என்றால் காலநிலை நல்லதாகிறது, மழை விட்டு வெயில் வருகிறது. ஒரு சொல்தான் மாறியது, புறாத்தீவுக்குப் போவதா நிற்பதா என்ற முடிவே தலைகீழாகிவிட்டது. காற்றுக்கு ‘கூடுதல்’ என்றால் பலம், காலநிலைக்கு ‘கூடுதல்’ என்றால் தரம். ஆகவே போட்டுக்காரர் சொன்னதை விருந்தினருக்கு எடுத்துச் சொல்லும்போது ‘வின்ட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘இட் இஸ் பிக்கிங் அப்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் சந்தோசமாக உடுப்பு மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். ‘த வின்ட் இஸ் பிக்கிங் அப், ஸோ த போட் கான்ட் கோ’ என்று காரணத்தையும் முடிவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டி வேகம் எடுப்பதை ‘பிக் அப் ஸ்பீட்’ என்று சொல்வார்கள். இலக்கணப்படி எடுக்கப்படும் பொருள் இருக்கிறது, அர்த்தமோ கூடுவது. இரண்டாவது விதிவிலக்கு இதுதான். தமிழிலும் பஸ் வேகம் ‘எடுக்கிறது’ என்பதால் உங்களுக்கு இது சிரமமாக இராது. மோட்டார் சைக்கிளுக்கு ‘நல்ல பிக்கப்’ என்று நம் பொடியன்கள் சொல்வது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று சிலர் சிரிப்பார்கள். அமெரிக்க அகராதிகளில் அந்தப் பொருளும் இருக்கிறது, தைரியமாகச் சொல்லலாம். மீன் ஏற்றுகிற பிக்கப் வண்டியின் பெயரும் பழையதே. ஃபோர்ட் கம்பனி 1925இல் மொடல் ரி வண்டியைப் பின்பெட்டியோடு விற்றபோதே அந்தப் பெட்டியை ‘பிக்-அப் பொடி’ என்றுதான் விளம்பரப்படுத்தியது.

காதுக்குப் பழக வேண்டிய ஒன்று உண்டு. இறந்தகாலம் ‘பிக்ட்’. நாம் ‘பிக்கட்’ என்று நடுவில் ஒரு அசையைச் செருகிவிடுகிறோம். ‘பிக்ட் அப்’ வேகமாக வந்தால் ‘பிக்டப்’ என்று கேட்கும். ‘பிக் இட் அப்’ வேகமாக வந்தால் ‘பிக்கிட்டப்’ என்று கேட்கும். நாம் இறந்தகாலத்தைச் சொல்கிற விதம் அவர்கள் ‘அதை எடு’ என்று சொல்கிற விதம் மாதிரியே இருப்பதால் இரண்டு பக்கமும் முழிக்கிற சந்தர்ப்பம் வரும். ‘ஐ பிக்ட் அப் த கீ’, ‘ப்ளீஸ் பிக் இட் அப்’ இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். கண்ணாடி முன்னால் நிற்கத் தேவையில்லை, ஓட்டோவில் போகும்போதே சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ‘ஐ வில் பிக் யூ அப் அட் செவன்’ என்றால் ஒரு தப்பும் இல்லை, ஏழு மணிக்கு வந்து ஏற்றுவேன் என்பதுதான். நேரமும் இடமும் கூட வந்தால் யாரும் வேறு விதமாக எடுக்க மாட்டார்கள். ஆனால் பாரில் ஒருவன் முன்பின் தெரியாத பெண்ணை பிக் அப் பண்ணப் பார்த்தான் என்றால் அது வேறு சமாசாரம், மடக்கப் பார்த்தான் என்று அர்த்தம். பெண் விருந்தினர் பற்றி நேரமோ இடமோ இல்லாமல் ‘எங்கள் டிரைவர் நேற்று அவரை பிக்ட் அப்’ என்று முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதிவிடாதீர்கள். ‘ஃப்ரொம் த ஸ்டேசன்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் டிரைவரின் மானம் தப்பும். அதே மாதிரி, பொலிஸ் ஒருவரை பிக் அப் பண்ணியது என்றால் லிஃப்ட் கொடுத்தது என்று அர்த்தமில்லை, பிடித்துக்கொண்டு போனது.

மிச்சமுள்ளவற்றை ஒரு ஓட்டத்தில் சொல்லிவிடலாம். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வது ‘பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஓஃப்’. பிள்ளைகள் இறைத்துப் போட்டதைப் பின்னாலேயே போய் அடுக்குவது ‘பிக் அப் ஆஃப்டர்’. களைத்த நேரத்தில் குடிக்கிற ஒரு பிளேன்டி ‘பிக்-மீ-அப்’, மூன்று சொல்லும் சேர்ந்து ஒரு பெயராகிவிட்டது.

கடைசியாக ஒன்று, உங்கள் மேசைக்கு நேரடியாக வருவது. ‘மை கம்பனி வில் பிக் அப் த பில்’ என்று ஒருவர் சொன்னால் அவருடைய கம்பனி ஆள் வந்து பில் துண்டை வாங்கிக்கொண்டு போவார் என்று அர்த்தமில்லை. செலவைக் கம்பனி ஏற்கிறது என்கிறார். அமெரிக்கர் பில்லுக்குப் பதிலாக ‘டாப்’ (tab) என்பார்கள், அதுவும் பில்தான். சிரித்துத் தலையாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கம்பனி, இன்வொய்ஸை யாருக்கு அனுப்புவது, அறை வாடகை மட்டுமா, சாப்பாடும் சேர்த்தா என்று செக்-இன் நேரத்திலேயே கேட்டு எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.